குளிரை வீணாக விடாத சுஹைதா மிஸ்

அன்று காலை வேலை தொடங்கிச் சற்று நேரம்தான் ஆகியிருந்தது. அறுத்து முடிந்த முதல் தொகுதிக் கோழிகள் வெந்நீர்த் தொட்டிக்குள் இறங்கிக்கொண்டிருந்தன. நான் வெப்பமானியோடு தொட்டியருகே நின்றேன். எங்கள் தொழிற்சாலையின் குளிரூட்டி இயந்திரங்களைப் பார்க்கும் அன்சார் காக்கா பின்கதவால் வந்து ஏதோ சொன்னார். இயந்திரச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. கிட்ட வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு மறுபடி சொன்னார்.

"குணா, மிஸ் மௌத்தாகிட்டா. இப்பதான் வீட்டிலிருந்து கதைச்சாங்க."

மரணச் செய்தியைக் கேட்டும் நாங்கள் உடனே வேலையை நிறுத்தவில்லை. நிறுத்த முடியாது. தொட்டிக்குள் இறங்கிய கோழியை அப்படியே விட்டுவிட்டுப் போக இயலாது என்பதை அந்த மனிசியே எங்களுக்குப் பல தடவை சொல்லியிருக்கிறார். கையிலிருந்த தொகுதி முடியும் வரை பெண்கள் கண்ணைத் தோளில் துடைத்துத் துடைத்து வேலை செய்தார்கள். பிறகு உரிமையாளர் ஹாஜியார் இயந்திரங்களை நிறுத்தச் சொல்லி, எல்லோரையும் மிஸ்ஸின் ஊரான சாய்ந்தமருதுக்கு அனுப்ப வாகனம் ஒழுங்கு செய்தார். பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்தார்கள். எங்கள் பெண்கள் வீட்டுக்குள் அவருடைய உறவுப் பெண்களோடு இருந்தார்கள். நான் மையவாடி மதிலோரம் நின்றேன்.

பொறியியலாளர் சுஹைதாவை மகளாக, சகோதரியாக, அயலவராக அறிந்தவர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். நிந்தவூர் வயலோரத்தில் இருக்கும் எங்கள் கோழி இறைச்சித் தொழிற்சாலைக்குள் அவர் எப்படி இருந்தார் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. அங்கே தரக் கட்டுப்பாட்டு அலுவலராக அவரோடு வேலை செய்தவன் நான். ஆகவே அதை எழுதுவது என் பங்கு என்று நினைக்கிறேன்.

அவர் கொழும்புப் பக்கம் ஒரு பெரிய தொழிற்சாலையில் பல வருடம் இருந்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவர். எங்களிடம் வந்த வேளை நல்ல வேளையல்ல. மின்வெட்டையும் டீசல் வரிசையையும் ஒருவாறு தாண்டி மூச்சு விட்டபோது மின் கட்டணம் ஏறியது. ஹாஜியார் ஒரு நாள் எங்களைக் கூப்பிட்டு, "ஹஜ்ஜுப் பெருநாள் முடிய மூடுவம். இனித் தாங்க ஏலாது" என்றார். நிந்தவூரிலும் மாளிகைக்காட்டிலும் காரைதீவிலும் இருந்து வேலைக்கு வரும் பெண்களை நினைத்து நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். புதிதாக வந்திருந்த சுஹைதா மிஸ்தான் வாய் திறந்தார்.

"மூடுறதெண்டா மூடுங்க ஹாஜியார். நான் மறிக்கல்ல. ஆனா நாம எரிக்கிற கரண்ட்ல எவ்வளவு கோழிக்குப் போகுது, எவ்வளவு காத்துக்குப் போகுதெண்டு இங்க ஆருக்காவது தெரியுமா?"

ஹாஜியார் அன்சார் காக்காவைப் பார்த்தார், அவர் என்னைப் பார்த்தார்.

"எனக்கும் தெரியாது. பெருநாள் வரைக்கும் தாங்க. பாத்துட்டு உங்களுக்குக் கணக்குச் செல்றன்."

மறுநாள் அவர் கடையில் ஒரு பக்கற் ஊதுபத்தி வாங்கிக்கொண்டு வந்தார். ஒன்றைப் பற்றவைத்து, உறைகுளிர் அறைக் கதவின் றப்பர் விளிம்போடு மெல்ல மெல்ல நகர்த்தினார். பொதி செய்யும் பகுதிக்குப் பொறுப்பான காரைதீவு யோகேஸ்வரி அக்கா வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்.

"என்ன மிஸ், குளிர் அறைக்குப் பூசையா? தேங்காயும் உடைக்கட்டா?"

"தேங்காயப் பொறகு பாப்பம். இந்தப் பொகை எங்க போகுதெண்டு நீங்களும் ஒருக்காப் பாருங்க."

மேலே நேராக எழுந்த புகை கதவின் அடிப்பக்கம் வந்ததும் யாரோ ஊதியதுபோல் வெளியே சாய்ந்தது. றப்பர் இற்றுப்போய், உள்ளே காசு கொடுத்து உண்டாக்கிய குளிர் நிலத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த யோகேஸ்வரி அக்கா தானாகவே இன்னொன்றைச் சொன்னார்: ஒரு தட்டு நிரம்பினால் ஒரு தடவை கதவு திறக்கப்படுகிறது. ஏன் என்று மிஸ் கேட்டார். "சேத்து வைக்க இடமில்ல மிஸ். நிலத்தில வைக்கக் குணா சேர் விடமாட்டார்." நான் விடமாட்டேன்தான். இறைச்சித் தட்டு நிலத்தைத் தொடக் கூடாது.

அந்தக் கிழமைக்குள் அன்சார் காக்கா சில்லு வைத்த உயரமான தட்டுத்தாங்கி ஒன்றைச் செய்து கொடுத்தார். கதவுக்குப் புது றப்பர் வந்தது. உட்புறம் தடித்த பிளாஸ்டிக் கீற்றுகள் தொங்கின. தாங்கி நிறைந்த பிறகு மட்டும் கதவு திறக்கப்பட்டது. குளிரூட்டியின் கொம்பிரசர் இடையிடையே ஓய்வதை நாங்கள் முதல் முறையாகக் கேட்டோம். அந்த அமைதி புதிதாக இருந்ததால், இயந்திரம் பழுதாகிவிட்டது என்று நினைத்து ஒரு பெண் ஓடிவந்து சொன்னதும் நினைவிருக்கிறது.

அடுத்ததாக எனக்கும் அவருக்கும் மோதல் வந்தது. உறைந்த கோழிகளை அடுக்கி வைக்கும் அந்த அறை, பூச்சியத்துக்குக் கீழே இருபத்தாறு பாகையில் ஓடிக்கொண்டிருந்தது.

"குணா சேர், நமக்குத் தேவை பதினெட்டு. மிச்ச எட்டும் ஆருக்காக?"

"பயத்துக்காக மிஸ். இடையில கரண்ட் போனா?"

"பயத்துக்கும் பில் வருது சேர்."

எனக்குக் கோபம் வந்தது. இறைச்சி கெட்டால் பதில் சொல்ல வேண்டியவன் நான், அவரல்ல. அதையே சொன்னேன். அவர் வாதாடவில்லை. "உங்கட சம்மதம் இல்லாம ஒரு பாகையும் ஏத்த மாட்டன். சோதிச்சிப் பாப்பம். நீங்க காட்டுற இடத்தில வெப்பமானிய வெப்பம்" என்றார். நான் வேண்டுமென்றே மோசமான மூலைகளைக் காட்டினேன். கதவோரத்துப் பெட்டிகளின் நடுவில், கோழியின் நெஞ்சுக்குள் வெப்பமானி முனையைச் செருகினோம். அறையைப் பதினெட்டுக்கு ஏற்றினோம்; ஹாஜியாரும் பார்க்க வந்த நாளில், ஒரு மூலையில் குளிர் குறைந்து பதினான்குக்கு வந்துவிட்டது.

  மிஸ் அந்த எண்ணைப் பார்த்தார், பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "நான் நெனச்சது பிழை. பழையபடி எறக்குங்க காக்கா." ஹாஜியார் முன்னால் இப்படிச் சொல்வதற்கு வேறொருவராக இருந்தால் தயங்கியிருப்பார்.

ஆனால் அவர் அதோடு விடவுமில்லை. அந்த மூலைக்கு ஏன் குளிர் போகவில்லை என்று தேடினார். பெட்டிகளைச் சுவரோடும் கூரையோடும் முட்ட அடுக்கியிருந்தோம். காற்று போக வழியில்லை. சுவரை விட்டுத் தள்ளி, மரச்சட்டங்களின் மேல் பெட்டிகளை மாற்றி அடுக்கினோம். விசிறியில் கட்டி கட்டியாகப் பிடித்திருந்த பனியை அன்சார் காக்கா உருக்கி எடுத்தார். பிறகு ஒவ்வொரு பாகையாக ஏற்றினோம். ஒவ்வொரு முறையும் எல்லா மூலையையும் பார்த்து நான் தலையசைத்த பிறகே அடுத்த பாகை. இருபதில் நின்றோம். "இன்னும் ஒண்டு ஏத்தலாமே" என்று ஹாஜியார் கேட்டபோது மறுத்தவர் மிஸ்தான். "கரண்ட மிச்சம் புடிக்கப் போய் ஒரு வீட்டுப் புள்ளைக்கு வயித்தால போனா, அது மிச்சமில்ல ஹாஜியார், களவு" என்றார். அன்று முதல் அவரிடம் எனக்கிருந்த பயம் போய்விட்டது.

இனி வெந்நீர் விசயம். கோழியின் இறகு கழல அதைச் சூடான நீரில் அமிழ்த்த வேண்டும். அந்த நீரை டீசல் அடுப்புத்தான் காய்ச்சியது. ஒரு நாள் மிஸ் ஹாஜியாரைக் கட்டடத்தின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். வெள்ளைச் சாரமும் தொப்பியுமாக வந்த அவரை, கொம்பிரசரின் சூட்டை வெளியே தள்ளும் விசிறிகளுக்கு முன்னால் நிறுத்தினார்.

"என்ன மகள் இது, அடுப்பு வாயில நிக்கிற மாதிரி!"

"கோழியிலயும் அறையிலயும் இருந்து எடுத்த சூடு ஹாஜியார். இதத் தள்ளத்தான் கரண்ட் எரிக்கிறம். இப்ப உள்ள வாங்க." டீசல் அடுப்பின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். "சுவருக்கு அந்தப் பக்கம் சூட்ட வயலுக்கு வீசுறம். இந்தப் பக்கம் சூடு வேணுமெண்டு டீசல் எரிக்கிறம்."

ஹாஜியார் மறுபடி பின்பக்கம் போய் விசிறிகளைப் பார்த்துவிட்டு வந்தார். "செய்ங்க" என்று மட்டும் சொன்னார்.

கொம்பிரசரிலிருந்து சூடாக வரும் குழாயை, ஒரு பழைய இரும்புத் தொட்டியின் தண்ணீருக்கு நடுவே சுருள் சுருளாக விட்டு, அந்தத் தண்ணீரை வெந்நீர்த் தொட்டிக்குக் கொடுப்பதுதான் திட்டம். அன்சார் காக்கா ஆசையோடு செய்தார். ஆனால் டீசல் அடுப்பை அணைத்துவிட்டு ஓட்டிய முதல் நாளே எல்லாம் குழம்பியது. நீர் போதிய அளவு சூடாகவில்லை. இறகு பிடுங்கும் இயந்திரத்திலிருந்து கோழிகள் பாதி இறகோடு வந்தன. கல்முனைக் கடைக்காரர்களும் ஹோட்டல்காரர்களும் மாறி மாறி தொலைபேசியில் ஏசினார்கள். ஹாஜியார் எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார்.

"போதும் மகள்! நான் கோழி விக்கிறவன். ஆராய்ச்சி செய்றவன் இல்ல!"

மிஸ் கையுறையைப் போட்டுக்கொண்டு யோகேஸ்வரி அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கையால் இறகு பிடுங்கத் தொடங்கினார். நாங்களும் உட்கார்ந்தோம். கடைசிக் கோழி முடியும் வரை அவர் எழும்பவில்லை. எழும்பிய பிறகு கை கழுவப் போகாமல் நேரே அந்தத் தொட்டியிடம் போனார்.

வயல் பக்கமிருந்து அடித்த கச்சான் காற்று, மூடியில்லாத தொட்டியின் மேலாகச் சூட்டை அள்ளிக்கொண்டு போயிருந்தது. குழாய்க்கும் போர்வை இல்லை. "அதோட இன்னொரு பிழையும் இரிக்கி காக்கா" என்றார் அன்சார் காக்காவிடம். "இந்தச் சூட்ட முழு வேலையும் செய்யச் செல்லிட்டம். அதுக்கு அவ்வளவு பெலமில்ல. தண்ணிய முக்கால் வழிக்குக் கொண்டு வந்து விடட்டும். மிச்சத்த டீசல் பாக்கட்டும்." மூடி செய்தோம், குழாய்களைச் சுற்றிக் கட்டினோம். ஹாஜியாரிடம் மறுபடி அனுமதி கேட்க நாங்கள் எல்லோரும் பயந்தோம். மிஸ் தனியாகப் போய்க் கேட்டார். உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. வெளியே வந்து, "நாளைக்கு ஓட்டுவம்" என்றார்.

மறுநாள் இறகுகள் சுத்தமாகக் கழன்றன. ஒரு கிழமைக்கு வந்துகொண்டிருந்த டீசல், அடுத்த கிழமையின் நடுவரை வந்தது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முதல் நாள், வேலை முடிந்து போகும் பெண்களிடம் ஹாஜியார் வாசலில் நின்று, "பெருநாள் முடிஞ்சி எல்லாரும் நேரத்துக்கு வந்து சேருங்க" என்றார். தொழிற்சாலை மூடப்படாது என்பதை நாங்கள் அப்படித்தான் அறிந்துகொண்டோம். யோகேஸ்வரி அக்கா மிஸ்ஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் அவருக்கு நோய் தெரியவந்தது. மார்புப் புற்றுநோய். சிகிச்சைக்குக் கொழும்புக்குப் போய் வருவார். வந்த இரண்டாம் நாள் வேலைக்கு நிற்பார். வீட்டில் ஓய்வெடுக்கச் சொன்னால், "வீட்டில இருந்தா நோயோட கதைக்கணும். இங்க வந்தா கொம்பிரசரோட கதைக்கலாம்" என்பார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் எங்களோடு பேசியதில்லை. எங்களைப் பேச விட்டதுமில்லை.

மாரி வெள்ளம் வந்தபோது அவர் அந்த நிலையில்தான் இருந்தார். மழை விடாமல் கொட்டியது. வயலெல்லாம் கடலாகி, ஊருக்குள் வரும் வீதிகள் மறிபட்டன. மின்சாரம் போனது. ஜெனரேட்டருக்கு இருந்த டீசல் கொஞ்சம். புதிதாகக் கொண்டுவர வழியில்லை. அறை நிறையக் கோழி. நான் தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது மிஸ் எனக்கு முதலே வந்து, உறைகுளிர் அறைக் கதவுக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். தலையில் முக்காடு, மேலே கணவருடைய மழைக்கோட்டு. முகம் வெளிறியிருந்தது.

"கதவ ஒருத்தரும் தொடக் கூடா" என்றார்.

"மிஸ், நான் இறைச்சியைப் பாக்கணும்."

"உங்கட வெப்பமானி வயர் உள்ளதானே இரிக்கி? வெளிய நிண்டு பாருங்க. கதவத் தொறந்தா உங்கட பயம் கொறையும். குளிரும் கொறையும்."

ஹாஜியார் வந்து கேட்டார். அவருக்கும் அதே பதில். நெடுநேரத்துக்கு ஒரு தடவை மட்டும் ஜெனரேட்டரைச் சிறிது ஓடவிட்டோம். இரண்டாம் நாளும் மின்சாரம் வரவில்லை. வெப்பமானி எண் மெல்ல ஏறியதே தவிர, நான் பயந்ததுபோல் ஓடவில்லை. புது றப்பரும், அடுக்கும், கீற்றுகளும் தங்கள் வேலையைச் செய்துகொண்டிருந்தன.

அன்று பகல் யோகேஸ்வரி அக்கா முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தார். அவருடைய வீட்டுக்குள்ளும் வெள்ளம். பிள்ளைகளோடு பாடசாலையில் தங்கியிருந்தார். காரைதீவு ஆட்களும் மாளிகைக்காட்டு ஆட்களும் அங்கே ஒன்றாக இருந்தார்கள். அரிசி வந்திருக்கிறது, கறிக்கு ஒன்றுமில்லை என்றார். கொஞ்சம் கோழி கிடைக்குமா என்று கேட்டுவிட்டு, மூடியிருந்த கதவைப் பார்த்து, "இல்ல மிஸ், பரவாயில்ல, நீங்க கதவத் திறக்க ஏலாதே" என்று திரும்பினார்.

"நில்லுங்க அக்கா." மிஸ் கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். "எத்தின பேருக்குச் சமைக்கிறீங்க? எந்தப் பெட்டி வேணுமெண்டு முதல்ல பேசி முடிப்பம். ஒரே தரம் தொறப்பம்."

ஹாஜியாரைப் பார்த்தார். அவர் "எடுங்க" என்று தலையசைத்தார். கதவிலிருந்து வாசல் வரை நாங்கள் வரிசையாக நின்றோம். அன்சார் காக்கா உள்ளே போக, பெட்டிகள் கை மாறி வெளியே வந்தன. கடைசிப் பெட்டி வெளியே வந்த கணம் கதவு சாத்தப்பட்டது. மிஸ் மறுபடி கதிரையில் உட்கார்ந்தார். இரண்டு ஊர்ப் பெண்களும் சேர்ந்து சமைத்த அந்தக் கறியில் ஒரு சிறு சட்டி அவருக்கும் வந்தது. சிகிச்சையால் நாக்கு மரத்திருந்தது. ஆனாலும் சாப்பிட்டார்.

மூன்றாம் நாள் மின்சாரம் வந்ததும் நான் ஒவ்வொரு வரிசையாகப் பரிசோதித்தேன். கதவோரத்தில் சில பெட்டிகள் இளகியிருந்தன. அவற்றை விற்க முடியாது என்றேன். ஹாஜியார் வாய் திறக்கும் முன், "குணா சேர் செல்றதுதான் முடிவு. பொதைங்க" என்றார் மிஸ். மற்றவை எல்லாம் கல்லாக இருந்தன.

கடைசியாக அவரை வீட்டில் பார்த்தேன். ஆசிரியரான அவருடைய கணவர் பிளேன்டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். மிஸ் கட்டிலில் சாய்ந்திருந்தார். நலம் விசாரித்தால் அதைத் தட்டிவிட்டு, கல்முனைச் சந்தை மாட்டிறைச்சிக் கடைகளைப் பற்றிப் பேசத் தொடங்கினார். ஒவ்வொரு கடையிலும் துருப்பிடித்த ஒரு பழைய பெட்டி. இராப்பகலாக ஓடுகிறது, ஆனாலும் இறைச்சி சரியாகக் குளிர்வதில்லை. எல்லோருக்கும் பொதுவாக ஒரே ஒரு நல்ல குளிர் அறை போட்டால் மின்சாரமும் மிஞ்சும், இறைச்சியும் நல்லாயிருக்கும் என்றார்.

"அவங்க ஒண்டு சேர மாட்டாங்க மிஸ்."

"கேட்டீங்களா?"

"இல்ல."

"அப்ப ஒண்டு சேர மாட்டாங்கெண்டு ஆர் சென்னது?"

அவருடைய கணவர் சிரித்தார். "என்னட்டயும் இப்பிடித்தான் குணா, வீடு கட்டக்குள்ள" என்றார். மிஸ்ஸும் சிரிக்க முயன்று, இருமல் வந்து நிறுத்தினார். நான் எழும்பியபோது, "கேட்டுட்டு வந்து எனக்குச் செல்லுங்க" என்றார். அதற்கு அவகாசம் கிடைக்கவில்லை.

மிஸ்ஸின் வீட்டில் அவருக்காகக் கத்தம் ஓதி முடிந்த மறுநாள் நானும் அன்சார் காக்காவும் கல்முனைச் சந்தைக்குப் போனோம். முதலாவது கடைக்காரர் வெட்டும் கத்தியை நிறுத்தாமலே, "எங்களுக்கு வேலையிரிக்கி" என்று சொல்லி அனுப்பிவிட்டார். இரண்டாமவர் எங்கள் பக்கமே திரும்பவில்லை. மூன்றாவது கடைக்காரர் முழுவதையும் கேட்டார். தன் பழைய பெட்டியின் பக்கத்தில் கையை வைத்துப் பார்த்தார்.

"எண்ட இறைச்சி மற்றவண்ட இறைச்சியோட மாறினா ஆர் பொறுப்பு?"

சரியான கேள்வி. ஆளுக்கொரு கம்பிக்கூடு, ஆளுக்கொரு பூட்டு என்றேன். கதவு அடிக்கடி திறபடுமே என்று அன்சார் காக்கா என்னை மறித்தார். கடைக்கு முன்னாலேயே நாங்கள் இருவரும் அதைப் பற்றி வாதாடத் தொடங்கினோம். கடைக்காரர் சிரித்துவிட்டார்.

"வெள்ளிக்கிழம ஜும்ஆ முடிய வாங்க. அவங்க ரெண்டு பேரையும் நான் புடிச்சி வெக்கிறன்."

சுஹைதா மிஸ்ஸை அறிந்த ஒவ்வொருவரிடமும் அவரில் ஏதோ ஒன்று இருக்கும். வீட்டார் அவருடைய சிரிப்பைச் சொல்வார்கள். எங்கள் பெண்கள் அவர் காப்பாற்றித் தந்த வேலையைச் சொல்வார்கள். எனக்கென்று நான் வைத்துக்கொள்வது, கட்டிலில் சாய்ந்தபடி அவர் கேட்ட அந்த ஒற்றைச் சொல்லை: "கேட்டீங்களா?" அதை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. வெள்ளிக்கிழமை நாங்கள் போகிறோம். யோகேஸ்வரி அக்காவும் வருகிறார்.